நிறுத்துகிற கை

மலை ஏறும் வண்டிகள் ரேடியேட்டருக்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் இடத்துக்கு ஊத்துப்பள்ளம் பிரிவு என்று பெயர். அங்கே ஒரு பேக்கரி, ஒரு பஞ்சர் கடை, அதைத் தாண்டித் தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் பட்டறை. பட்டறை சம்பூரணத்துடையது.

அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவன் மாதேசன். அவளைவிட ஆறேழு வயது மூத்தவன். ஆனாலும் கற்றுக்கொடுக்கிறவள் என்பதால் அவன் அவளை அக்கா என்பான். வயதில் பெரியவன் என்பதால் அவள் அவனை அண்ணா என்பாள். ஆக, அந்தப் பட்டறையில் இரண்டு பேருமே சின்னவர்கள். பெரியவர் என்று யாரும் இல்லை.

மாதேசனுக்குப் பிழைப்பு வேறு. கோயில் திருவிழா மேடைகளில் பலகுரல் பேசுவான். மந்திரி முழங்குவார், நடுவில் மைக் கீச்சிடும், மைக் செட்டுக்காரர் ஓடிவந்து ஹலோ செக் என்பார், தூங்கின குழந்தை விழித்து அழும், அதன் அம்மா மந்திரியைத் திட்டுவாள். எல்லாம் ஒரே வாயிலிருந்து. மேடை இல்லாத நாளிலும் அந்த வாய் சும்மா இருக்காது. பேக்கரிக்குப் பின்னால் நின்று சாயங்கால பஸ்ஸின் ஹாரனை ஊதுவான். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவார்கள். ரோடு காலியாக இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் மாதேசன் ஒன்றும் தெரியாதவனாகப் பன் தின்றுகொண்டிருப்பான்.

இன்ஜின் சத்தங்கள்தான் அவனைப் பட்டறைக்கு இழுத்துவந்தன. எந்த வண்டி வந்து நின்றாலும் அதன் சத்தத்தை அப்படியே வாயால் எடுத்துவிடுவான். வால்வு தட்டுவதும் பெல்ட் கத்துவதும் அதில் தனித்தனியாகக் கேட்கும். சம்பூரணம் சில நேரம் வண்டியை அணைத்துவிட்டு, அவனை ஓடவிட்டுக் குறையைக் கண்டுபிடிப்பாள்.

ஒருநாள் அவள் கேட்டாள்.

"எல்லாச் சத்தமும் வருது. உங்க சொந்தச் சத்தம் எப்படிங்ணா இருக்கும்?"

"எப்படிங்ணா இருக்கும்?" என்று அவள் குரலிலேயே திருப்பிச் சொன்னான் மாதேசன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பூரணம் ஸ்பேனரைத் துடைக்கப் போய்விட்டாள்.

மாதேசனிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. மூன்று சிலிண்டர் வண்டி. தரையில் சொன்ன பேச்சைக் கேட்கும். மலையில் மட்டும் பாதி தூரத்துக்குள் இளைத்து, ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் உட்கார்ந்துவிடும். அந்த வருஷம் மலை மேல் ஆடித் திருவிழாவுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ரொம்ப நாள் கழித்து வந்த மேடை. எல்லாக் குரலும் செல்போனிலேயே கிடைக்கும்போது பலகுரல்காரனை யார் தேடுகிறார்கள்? இது ஒன்று நன்றாக நடந்துவிட்டால் மலையில் இருக்கிற ஊர்களெல்லாம் கூப்பிடும், பலகுரலை விடாமல் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியை ஏற்றிக்கொண்டு வண்டி மேலே போய்ச் சேர வேண்டும்.

யோசித்து யோசித்து ஒருநாள் கேட்டான்.

"அக்கா, சின்ன வண்டிக்குள்ள பெரிய இன்ஜினை வெச்சா, ஓடறது வண்டிங்களா, இன்ஜினுங்களா?"

சம்பூரணம் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அவன் காருக்குள் கையை விட்டுப் பிரேக் பெடலை அமுக்கினாள். பெடல் கீழே தட்டி நின்றது.

"மொதல்ல நிக்கறதுக்கு வழி பண்ணுங்க. ஓடறதைப் பொறவு பாக்கலாம்."

பிரேக்கை மாற்றினான். முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றினான். அதற்குள் இன்ஜினும் அமைந்தது. பழைய இரும்புக் கடையில் கிடந்ததை வாங்கிப் பட்டறையில் இறக்கியிருந்தான். நாலு சிலிண்டர், கார்புரேட்டர் காலத்துச் சரக்கு, அவனுடையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அது இருந்த கார் வைகாசி மாதத்தில் மலையின் ஒரு வளைவிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து விழுந்திருந்தது. பின்பாதி அப்பளமாகிவிட்டது. முன்பாதியில் ஒரு கீறல் இல்லை. ஓட்டிவந்தவன் பூவரசன், மலைக்காரப் பையன். அங்கேயே இறந்துபோனான்.

சம்பூரணத்தின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவருடைய வண்டி இன்ஜினை இன்னொரு வண்டிக்கு மாற்றுவதென்றால், அதை முதலில் ஸ்டாண்டில் வைத்து, பேட்டரி கொடுத்து, பெட்ரோல் பாட்டிலை மேலே தொங்கவிட்டு ஓடவிடுவாள். செத்தவர் வீட்டிலிருந்து ஒருவர் வந்து தன் கையால் அதை நிறுத்த வேண்டும். பிறகுதான் அதைச் சங்கிலியில் மாட்டித் தூக்குவாள். இது எதற்கென்று கேட்டவர்களிடம் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"வீட்டுக்குன்னு கெளம்புன வண்டிங்க. வீட்டாளுதான் நிறுத்தோணும்."

பூவரசனுக்கு இருந்தது தாய் மட்டும். அவள் மலை உச்சிக்கு முந்தின ஊரில் இருந்தாள். திருவிழாவோ நெருங்கிவிட்டது. மகனைப் பறிகொடுத்தவளிடம் போய், அம்மா, வந்து இன்ஜினை அணைத்துக் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? மாதேசனிடம் முகம்தான் இல்லையே தவிரக் குரல் நிறைய இருந்தது.

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவரிடம் போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனான். ஒரு தாயின் குரலைச் செய்வது அவனுக்குப் பெரிய காரியமில்லை. கொஞ்சம் வயதைப் போட்டான். மலைக் குளிருக்குக் கொஞ்சம் மூக்கடைப்பு. குரலிலிருந்து முன்பல் இரண்டைக் கழற்றிவிட்டு, அந்தச் சந்தில் காற்றை விட்டான். கடைசியாக, எதற்கென்று அவனுக்கே தெரியாமல், ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரு சின்ன இழுப்பு வைத்தான். மேயப் போன கன்றைக் கூப்பிடுகிற மாதிரி.

"பட்டறை அம்மிணிங்களா? நான் பூவரசனைப் பெத்தவ. இரும்புக் கடையில கெடந்தப்பவே வந்து வண்டிய நிறுத்திட்டேன் சாமி, என்ற கையால. எடுத்துக்கச் சொல்லுங்க."



"சரிங்காத்தா" என்றாள் சம்பூரணம்.

போனைத் திரும்ப வாங்கிய டிரைவர், அந்த ஆத்தா எங்கே போனாள் என்று பேக்கரிக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். மாதேசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து இருமுவதுபோல நடித்தான்.

அரை மணி கழித்து அவன் பட்டறைக்குள் நுழைந்தபோது சம்பூரணம் கையில் போனோடு நின்றிருந்தாள். அந்த ஆத்தா நிஜமாகவே நிறுத்தினாளா என்று கேட்டாள். உங்களிடம்தானே பேசினாள், என்னைக் கேட்டால் எப்படி என்றான் மாதேசன். அவள் போனைப் பார்த்தாள், இன்ஜினைப் பார்த்தாள், கடைசியில் சங்கிலியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அப்ப நீங்களே இழுங்க."

அதற்குப் பிறகு அவள் அந்த இன்ஜினைத் தொடவில்லை. தள்ளி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். இன்ஜின் உட்காரும் இடம் மாறுவதால் எங்கே வெட்டி எங்கே தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், ரேடியேட்டரை எவ்வளவு பெரிதாக வைக்க வேண்டும், எல்லாம். அவன் சட்டத்தை அறுத்தான், பற்றவைத்தான், முழங்காலைச் சுட்டுக்கொண்டான். இன்ஜின் ஒருவழியாக உள்ளே இறங்கி உட்கார்ந்தது. பெரியவரின் செருப்பில் சின்னப் பையன் கால் விட்டதுபோல அல்ல; சின்னப் பையனின் செருப்பில் பெரியவர் கால் விட்டதுபோல.

இரண்டு விஷயங்களை அவள் அழுத்திச் சொன்னாள். சக்கரத்தைச் சுற்றும் தண்டு ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் அமைந்துவிட்டதால், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, சூடேறின பழைய இன்ஜின் சாவியை அணைத்த பிறகும் இரண்டு மூன்று சுற்று ஓடித்தான் நிற்கும், அதற்காகப் பயந்துவிடக் கூடாது.

எந்தப் பக்கம் இழுக்கும் என்று மாதேசன் கேட்டான்.

"அது மலை ஏறுனாத்தான் தெரியும்" என்றாள்.

திருவிழாவன்று காலை ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வண்டி ஏறிய ஏற்றம் இருக்கிறதே, அது வேறு. வழக்கமாக உட்காரும் வளைவை ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்துக் கை காட்டினான். பந்தய வர்ணனையாளர் குரலில் தன்னையே புகழ்ந்துகொண்டு போனான். ஓரமாகப் போன பஸ்ஸை முந்தியபோது அந்த பஸ்ஸின் ஹாரனையே வாயால் ஊதிவிட்டு முந்தினான்.

உச்சி வெயில் நேரத்துக்கு மலையின் மேல்பகுதிக்கு வந்துவிட்டான். அங்கே ரோட்டின் இடது பக்கம் ஒரு மண் தடம் பிரிந்து போனது. அதற்குச் சற்று முன்னால் ஸ்டியரிங் இழுக்க ஆரம்பித்தது. இடப்பக்கம். அக்கா சொன்னதுதானே என்று பிடித்துக்கொண்டான். ஆனால் தண்டு நீளமாக இருப்பதால் இழுக்கிற இழுப்பு அப்படி இருக்காது. இது கட்டுத்தறியைப் பார்த்த மாடு இழுப்பதுபோல இருந்தது. கால் ஆக்ஸிலேட்டரை விட்டும் இழுத்தது.

மண் தடத்தின் முடிவில் ஒரு வீடு. இரும்புக் கதவு. மாதேசன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வயதான பெண் வெளியே வந்து, கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வண்டி உள்ளே வர வழிவிடுகிறவர்கள் நிற்பார்களே, அப்படி.

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் திருப்பி ரோட்டுக்கு வந்தான். கண்ணாடியில் கதவு திறந்தபடியே சின்னதாகிக்கொண்டு போனது.

மத்தியானம் மூன்று மணிக்குக் கோயில் மைதானத்தில் மேடை. நல்ல கூட்டம். மந்திரி வந்தார், மைக் கீச்சிட்டது, சிரித்தார்கள். மைக் செட்டுக்காரர் வந்தார், இன்னும் சிரித்தார்கள். குழந்தை அழுதது. இப்போது அதன் அம்மா அதட்ட வேண்டும். மாதேசன் வாயைத் திறந்தான்.

"ஏஞ்சாமி, இத்தன நேரம்? சோறு ஆறுது."

இந்த வார்த்தைகளை அவன் நினைக்கவே இல்லை. மூக்கடைப்பு, பல்சந்துக் காற்று, கடைசியில் கன்றைக் கூப்பிடும் இழுப்பு. பேக்கரிக்குப் பின்னால் அவன் செய்த குரல்.

குழாயை மூடியதுபோலச் சிரிப்பு நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் மேடையைப் பார்க்காமல் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள், அந்தக் குரலுக்கு உரியவள் வந்திருக்கிறாளா என்று.

மாதேசன் அவசரமாக மந்திரிக்குத் தாவினான். வாக்காளப் பெருமக்களே என்பதும் அதே பல்சந்து வழியாக வந்தது. ரயிலுக்குத் தாவினான். ரயிலும் கடைசியில் கன்றைக் கூப்பிட்டது. யாரும் கை தட்டவில்லை, யாரும் கத்தவுமில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மேடையிலிருந்து இறங்கியவனைக் கமிட்டித் தலைவர் ஓரமாகக் கூட்டிப்போனார். நல்லாயியை எங்கே பார்த்தாய் என்று கேட்டார். எந்த நல்லாயி என்று அவன் கையாலேயே கேட்டான். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

மண் தடத்து வீட்டுக்காரி, பூவரசனின் தாய் என்றார் அவர். கண் இரண்டும் புகைந்து போனவள், ஆள் நிழலாகத்தான் தெரியும். போனைக் கையால் தொட்டது கிடையாது. மகன் வருவதை வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள், வண்டி இரண்டு வளைவு கீழே இருக்கும்போதே கதவைத் திறந்துவிடுவாள். பையனை எடுத்துவந்து அடக்கம் செய்தபோது எல்லாரையும் போல அழுதாள். ஆனால் கருமாதி செய்ய விடமாட்டேன் என்கிறாள். வண்டி நின்ன சத்தம் எனக்குக் கேட்கவில்லையே, அதற்குள் எப்படிச் செய்வது என்கிறாள். மத்தியானம் இரண்டு பேருக்குச் சோறு வடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் வராமல் தட்டில் கை வைக்க மாட்டாள். பக்கத்து வீட்டார் பொழுதோடு போய்க் கட்டாயப்படுத்தினால் இரண்டு வாய். எலும்பும் தோலும் ஆகிவிட்டாள். இப்படியே போனால் இந்த ஆடியைத் தாண்ட மாட்டாள்.

"இன்னிக்கு உச்சியில வண்டிச் சத்தம் கேட்டுதுன்னு கதவத் தொறந்து வெச்சிருக்குதாம். மூட மாட்டேங்குது. நீங்க வந்தது எந்த வண்டிங்க?"

மாதேசன் பெட்டிகளைத் தூக்கப் போய்விட்டான்.

இறங்கும்போது வெயில் இன்னும் இருந்தது. மண் தடம் வருவதற்கு முன்பே இன்ஜினை அணைத்துவிட்டு, இறக்கத்தில் சத்தமில்லாமல் உருட்டினான். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டான். கதவு திறந்தே இருந்தது. நல்லாயி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லாமல் போகும் வண்டியை நோக்கித் தலையைத் திருப்பினாள்.

அப்போது மிக அருகிலிருந்து ஒரு இளவட்டக் குரல் கேட்டது. "இதோ வந்துட்டேம்மா."

மாதேசன் பூவரசனின் குரலைக் கேட்டதே இல்லை. அப்போது தன் வாய் மூடியிருந்தது என்று பிற்பாடு எந்தக் கோயிலிலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தான். யாரும் கேட்கவில்லை.

பட்டறைக்கு வந்து வண்டியை நிறுத்தினான். இரண்டு சுற்று ஓடிவிட்டு நின்றது. சம்பூரணம் கைகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான். அது நல்லாயியின் குரலில் வந்தது.

சம்பூரணம் சிரிக்கவில்லை, திடுக்கிடவும் இல்லை. ஸ்டூலைக் காட்டினாள்.

"உக்காருங்ணா. எந்தக் குரல்ல வந்தாலும் பரவால்ல, சொல்லுங்க."

சொன்னான். மண் தடத்தை, மேடையை, இறக்கத்தில் கேட்டதை. கடைசியாகத்தான் பேக்கரிக்குப் பின்னால் நடந்ததைச் சொன்னான். "அன்னிக்குப் போன்ல பேசுனது நாந்தான்" என்று அந்தத் தாயின் குரலே சொன்னது.

"எந்தப் போன்?" என்றாள் சம்பூரணம்.

"ஒண்ணுதானுங்களே."

"ரெண்டு வந்துதுங்ணா. மொதல்ல வந்தது, வண்டிய நிறுத்திட்டேன்னு சொல்லுச்சு. அரை மணி கழிச்சு அதே குரல்ல இன்னொண்ணு. நான் இன்னும் நிறுத்துலயே அம்மிணின்னு சொல்லுச்சு."

பட்டறையின் தகரம் வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது. அந்த ஆத்தா போனைத் தொட்டதே இல்லை என்பது மாதேசனுக்கு ஞாபகம் வந்தது. 

"தெரிஞ்சும் ஏனுங்க்கா என்னைத் தடுக்கல?"

"தடுத்திருந்தா வேற குரல்ல வந்திருப்பீங்க."

அவன் எழுந்தான். இப்போதே இறக்கிவிடலாம், சங்கிலியைக் கொடுங்கள், சுத்தியலால் அடித்துப் பழைய இரும்புக்கே போட்டுவிடுகிறேன் என்றான். சம்பூரணம் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எறக்கி வெச்சா, நின்னுருமுங்களா?"

மறுநாள் அவள் பட்டறையைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.  மண் தடம் நெருங்கியபோது உச்சி வெயில். ஸ்டியரிங் இழுக்க ஆரம்பித்தது.

"கையை எடுங்க."

எடுத்தான். ஸ்டியரிங் தானாகச் சுற்றியது. வண்டி மண் தடத்தில் இறங்கி, குழிகளைத் தெரிந்து வைத்திருப்பதுபோல ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போய், திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தது. வாசலில் படுத்திருந்த நாய் குரைக்கவில்லை. எழுந்து வந்து டயரை மோந்து பார்த்துவிட்டு அதன் நிழலில் படுத்துக்கொண்டது. மாதேசன் பிரேக்கை மிதித்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

நல்லாயி வந்தாள். சின்ன வண்டிதான், அவள் மகனுடையதைவிட உயரம் குறைந்தது. அவள் கை பழைய உயரத்தில் காற்றைத் தொட்டுவிட்டு, பிறகு கீழே இறங்கிப் பானட்டைக் கண்டுபிடித்தது.

"ஏஞ்சாமி, இத்தன நேரம்?"

அந்தக் குரலை அவன் முதல்முறையாக இன்னொருவர் வாயிலிருந்து கேட்டான். ஒரு இழுப்புகூட மாறவில்லை.

பதில் அவன் தொண்டையில் தயாராக உட்கார்ந்திருந்தது. இதோ வந்துட்டேம்மா. நேற்றுக் கேட்ட அதே இளவட்டக் குரலில், அச்சு அசலாக. வாயைத் திறந்தால் போதும். அவள் உள்ளே போய்ச் சோறு போடுவாள், தானும் சாப்பிடுவாள். இதைவிட நல்ல காரியத்தை அந்த வாய் என்றைக்குச் செய்திருக்கிறது? அவன் சம்பூரணத்தைப் பார்த்தான். அவள் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லாயி காத்துக்கொண்டு நின்றாள். கை பானட்டின் மேலேயே இருந்தது, இன்ஜின் அதன் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

மாதேசன் வாயைத் திறந்தான்.

"ஆத்தா, நான் மாதேசனுங்க. உங்க பையன் இல்லீங்க. இன்ஜின் மட்டும் உங்க பையனோடது. நீங்க நிறுத்தாமயே, நிறுத்திட்டீங்கன்னு பொய் சொல்லி எடுத்துட்டேனுங்க."

அது யார் குரல் என்று அவனுக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. ஒல்லியான, நடுவில் உடைகிற, மேடைக்கு ஆகாத குரல்.

நல்லாயி கையை எடுக்கவில்லை.

"சத்தம் அவனோடதுதான்" என்றாள்.

"ஆமாங்க."

"அவன் இல்ல."

"இல்லீங்க."

அவள் பானட்டைத் தடவிக்கொண்டே சுற்றி ஜன்னல் பக்கம் வந்தாள். கையை உள்ளே நீட்டினாள். மாதேசன் அந்தக் கையைப் பிடித்துச் சாவியின் மேல் வைத்தான். சருகு மாதிரி இருந்தது. அவள் சாவியைத் திருப்பி, வெளியே உருவி, முந்தானையில் பிடித்துக்கொண்டாள்.

இன்ஜின் ஓடியது.

சூடேறினால் இரண்டு மூன்று சுற்று ஓடத்தான் செய்யும், பயப்படக் கூடாது. மாதேசன் பயப்படாமல் காத்திருந்தான். இரண்டு மூன்று சுற்று எப்போதோ முடிந்துவிட்டது. அது இரும்பு அதிர்கிற ஓட்டமாகவும் இல்லை. சீராக, ஒரு தட்டல் இல்லாமல், ஊருக்குப் போகிற வண்டி ஓடுவதுபோல ஓடியது. அவன் பக்கத்தில் பார்த்தான். சம்பூரணம் இப்போது நாயைப் பார்க்கவில்லை. பானட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. அவளும் இதுவரை கண்டதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

சாவி நல்லாயியின் கையில் இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

நல்லாயிக்கு மட்டும் அதில் ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. திரும்ப முன்னால் போனாள். குனிந்து, பானட்டில் கன்னத்தை வைத்தாள். தூங்காமல் அடம்பிடிக்கும் குழந்தையிடம் பேசுவதுபோல, இவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

"போதும் சாமி. வந்துட்ட. நில்லு."

நின்றது.

அதற்குப் பிறகுதான் மற்ற சத்தங்கள் வந்தன. எங்கோ ஒரு மைனா. வீட்டுக்குள் அடுப்பில் எதுவோ கொதிக்கும் சத்தம். நாய் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து வேறு நிழலுக்குப் போனது. நல்லாயி நிமிரவில்லை. நின்ன சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு பேருக்கு வடித்தது இருக்கிறது, மூன்று பேருக்குக் காணுமா தெரியாது, உள்ளே வாருங்கள் என்றாள்.

மூன்று பேருக்கும் போதுமாக இருந்தது. ராகிக் களியும் அவரைப் பருப்புக் குழம்பும் கொஞ்சம் சோறும். அவள் முதலில் இவர்களுக்குப் போட்டாள், பிறகு தன் தட்டில் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு வாயாக, தட்டைத் தடவித் தடவி மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். மாதேசன் சாப்பிட மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மென்று முடித்துவிட்டுக் கருமாதியை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லச் சொன்னாள்.

புறப்படும்போது சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினாள்.

"பேரென்ன சொன்ன?"

"மாதேசனுங்க."

"பாத்துப் போ."

வண்டியைக் கையால் தள்ளியே வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நல்லாயி கதவின் ஒரு பக்கத்தை இழுத்தாள், மறுபக்கத்தை இழுத்தாள். தாழ் விழுந்தது.

மாதேசன் ஏறி உட்கார்ந்தான். சம்பூரணமும் ஏறிக்கொண்டாள். அவன் சாவியைப் பார்த்தான். அதைப் போட்டால் என்ன சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை. வராமலும் போகலாம். வாயால் எடுத்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஒல்லியான குரலிலேயே கேட்டான்.

"அக்கா, நான் அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்க. ஓடறது வண்டிங்களா, இன்ஜினுங்களா?"

சம்பூரணம் மூடிய கதவைப் பார்த்தாள்.

"இப்ப நின்னது எதுங்ணா?"

மாதேசன் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.